பொறிக்கும் வெடிக்கும் நடுவில்

சூசைதாசனின் உயிர் நாலாயிரத்து இருநூறு யூரோவில் தொடங்கி மூவாயிரத்து எண்ணூறில் வந்து நின்றது. 2003 செப்டம்பர், ஜெர்மனியின் வுப்பர்டாலில் விஜயரத்தினத்தின் பழம்பொருள் கடை. பேரம் என்னவோ ஒரு லண்டன் கைத்துப்பாக்கிக்குத்தான். இருநூறு வயது, சிக்கிமுக்கிக் கல் தட்டித் தீ மூட்டுவது, வால்நட் மரப்பிடி பிடித்தவன் கையிலேயே முளைத்ததுபோல உட்காரும். குழலுக்குள் தீ போகும் துளைக்குத் தங்கம் பதித்திருந்தார்கள், துளை துருவேறித் தீ ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாதென்று. கெல்சென்கிர்ச்சனிலிருந்து வாங்க வந்த சூசைதாசன் உதட்டைப் பிதுக்கினான்: "வடிவான சாமான்தான் அண்ணை. பொறி தட்டுமோ, இல்லாட்டி சுவரிலை கொழுவத்தானோ?"

பழைய துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் குழலுக்குள் கோலை விட்டு, மருந்தும் குண்டும் கிடக்கிறதா என்று அளப்பதுதான் தொழில்முறை. விஜயரத்தினம் முன்பும் அளக்கவில்லை, இப்போதும் அளக்கவில்லை. வாங்க வந்தவன் முன்னால் கோலை எடுத்தால், தன் சரக்கைத் தானே அறியாதவன் என்று இன்னும் இருநூறு குறைப்பானே! "இந்தா பாரும்" என்று அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்து விசையை இழுத்தார். கல் உருக்கில் உரசியது, பொறி தங்கத்துளைக்குள் நுழைந்தது, உள்ளே உஸ்ஸென்றது. வெடி வரவில்லை. குழலைத் திருப்பப் பார்த்தார், திரும்பவில்லை. சூசைதாசன் விலகினான், குழலும் விலகியது. மேசைக்கடியில் குந்தினான், அதுவும் குனிந்தது.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ!"

"நான் விடேல்லை, இதுதான் விடுகுது!"

அவன் ரயிலேறிப் போக, மேசைமேல் கிடந்த துப்பாக்கி திசைகாட்டி முள்போல மெல்லத் திரும்பி, வடக்கே கெல்சென்கிர்ச்சனைப் பார்த்து நின்றது. பிறகுதான் விஜயரத்தினம் கோலை விட்டு அளந்தார், குண்டு இருந்தது. துப்பாக்கிக்குப் பேர்போன சூல் என்ற ஊரின் கம்மியர் ஒருவர் காதை வைத்துக் கேட்டு, மருந்து இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, நல்ல வேலைப்பாடு, பாதியில் விடாது என்று சொல்லி நாற்பது யூரோ வாங்கினார். அரச அலுவலகத்தில் இதற்கு அன்ட்ராக், விண்ணப்பப் படிவம், இல்லை என்றார்கள். ஆனாலும் மூன்று மாதம் கழித்து வந்து பார்க்க ஒரு டெர்மின் குறித்துக் கொடுத்தார்கள். சூசைதாசன் நான்கரை வருடம் குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து சாப்பிட்டான். அவன் மனைவி பேர்பெச்சுவா ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பாள்: "ஒண்டில் வெடிக்கட்டும், இல்லாட்டி விடட்டும் அண்ணை. மனுசன் தென்பக்க ஜன்னலைத் திறக்க விடுறாரில்லை."

2008 ஏப்ரலில் ஒரு நாள் குழல் நடுங்கத் தொடங்கியது. சூசைதாசன் வந்துகொண்டிருந்தான். நேரே கடைக்குள் நுழைந்து அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான். "இனி ஏலாது அண்ணை. வாறது வரட்டும்."

விஜயரத்தினம் வாழ்நாளில் முதல்தடவையாகப் பேரம் பேசவில்லை. எழுந்து குழலுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார்.

"தள்ளுங்கோ அண்ணை!"

"பொத்தும் வாயை."

அப்போது வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கின, கடை புகையில் மறைந்தது. இருவரும் சட்டையைக் கழற்றித் துளை தேடினார்கள். இல்லை. சுவரிலும் இல்லை. கோலை விட்டால் குழல் காலி. பேர்பெச்சுவாவுக்குச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார்கள். பிறகு விஜயரத்தினம் கணக்குப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: பொறி, 2003 செப்டம்பர், வந்தது. சத்தம், 2008 ஏப்ரல், வந்தது. புகை, மேற்படி. குண்டு ஒன்று, வரவேண்டியது. யாருக்கு என்ற இடத்தில் சூசைதாசன் என்று எழுதி, சற்று யோசித்து, பக்கத்தில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.