வெள்ளிக்கிழமைத் தட்டு

ரம்யா தன் மகளின் கழுத்தை இரண்டு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பயத்தமாவு, எலுமிச்சம்பழத் தோல், தயிர், கடைசியில் பீர்க்கங்கூடு வரைக்கும் போட்டுப் பார்த்தாயிற்று. பிடரியில் வளையமாக விழுந்திருந்த கறுப்பு போகிற வழியாக இல்லை. "கழுத்தத் தேச்சுக் குளிடின்னா கேக்குறியா?" என்று பத்து வயது தேவிப்ரியா வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பிள்ளையும் பாவம், அழுக்குத்தான் என்று நம்பி, சட்டைக் காலரை மேலே இழுத்து விட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அது அழுக்கில்லை என்று சொல்வதற்குப் புதுக்கோட்டையில் ஒரு குழந்தை டாக்டர் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எடை பார்க்க வந்தவர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு கிலோவா என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மகளைக் கூட்டிப்போனாள் ரம்யா. டாக்டர் சார்லஸ் முதலில் பார்த்ததே அந்தக் கழுத்தைத்தான். அது அழுக்கில்லை, உடம்புக்குள் கோளாறு இருப்பதற்கு அடையாளம் என்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார், வயிற்றை ஸ்கேன் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்து, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்.

ரம்யாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அது குடிக்கிறவுகளுக்கு வர்றதில்லீங்களா சார்? இது பச்சப்புள்ள."

"இப்ப பச்சப்புள்ளைங்களுக்கும் வருதும்மா. சீனி, பிஸ்கட்டு, கூல்டிரிங்ஸ், புரோட்டா, எல்லாம் சேந்து போயி ஈரல்ல உக்காந்துக்கிருது. எடை கொறையணும். தெனம் ஒரு மணி நேரம் ஓடி வெளையாடணும். அதான் மருந்து." சொல்லிவிட்டுச் சீட்டில் ஒரு பொடியும் எழுதினார். "இது உயிரோட இருக்குற நல்ல கிருமி. குடல்ல போயி வேல செய்யும். புள்ளைங்க ஈரலுக்குக் கொஞ்சம் பலன் தருதுன்னு சில ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க. உறுதின்னு சொல்ல மாட்டேன். கூடமாட ஒத்தாசைக்கு இருக்கட்டும். மோருலயோ, ஆறுன பால்லயோ கலந்து குடுங்க. மூணு மாசங் கழிச்சு வாங்க."

டாக்டர் இத்தனையும் சொன்னார். ரம்யாவின் காதில் விழுந்தது கிருமி என்ற ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன மோர், பால் எதுவும் அவள் மனசில் நிற்கவில்லை.

அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது. தேவிக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகன் இருந்தான். செம்மல் என்று ஆசையாகப் பேர் வைத்தார்கள். ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கு கண்டு நாலே நாளில் போய்ச்சேர்ந்தான். தண்ணீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது அவள் புருஷன் திருப்பதி கத்தாருக்குப் போய் ஐந்து மாசம்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் அவள் போனில், "ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறான்ங்க" என்று அழுதாள். மகன் உயிரோடு இருந்தபோது திருப்பதி கேட்ட கடைசிச் சேதி அதுதான். கம்பெனிக்காரன் காலில் விழாத குறையாக லீவு வாங்கி அவன் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, புதைத்த இடத்தில் மண் காய்ந்திருந்தது.

சூடுபட்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? தேவி பிறந்த நாளிலிருந்து கொதிக்காத ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்கியதில்லை. பாலை ரம்யா மூன்று கொதி விட்டுத்தான் இறக்குவாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையோடு பாட்டில் போகும். ஊரில் நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். சிரிக்கட்டும், பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவர்கள் இல்லையே.

திருப்பதிக்கோ வேறு பைத்தியம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஐமோ வீடியோ காலில் வருவான். அங்கே அவனுக்கு லீவு நாள். தட்டில் சாப்பாட்டோடு தேவி போன் முன்னால் உட்கார வேண்டும். பிரியாணியோ, புரோட்டாவும் கோழிச் சால்னாவுமோ, எதுவாயிருந்தாலும் அவன் கண் முன்னாலேயே பிசைந்து வாயில் போட வேண்டும். "இன்னொரு வாய் ஆத்தா. அப்பாவுக்காக ஒரு வாய்." தட்டு காலியானால் அவன் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. ஊருக்கு வருகிறவர்கள் கையில் சாக்லெட்டும் பால் பவுடரும் கொடுத்தனுப்பி, அதையும் தின்று காட்டச் சொல்வான். மகள் கன்னம் உப்ப உப்ப அவனுக்கு அங்கே தூக்கம் வந்தது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

இவனிடம் போய் மகளுக்குச் சீக்கு என்று எப்படிச் சொல்வது? ரம்யா சொல்லவில்லை. மற்ற ஆறு நாளும் கேப்பைக் களியும் கீரையும் போட்டாள், பிஸ்கட் டப்பாவைப் பரணில் ஏற்றினாள், சாயங்காலம் கண்மாய்க்கரையில் நடக்கவிட்டாள். வெள்ளிக்கிழமையை மட்டும் தொடவில்லை. ஒரு நாள்தானே, ஒரு நாளில் என்ன கெட்டுவிடும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதுதான் டாக்டர் பொடி கொடுத்திருக்கிறாரே, அது பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பொடி மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. மாரியம்மன் திருநீறு கணக்காக அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு வேளை தவறியதில்லை. ஆனால் கிருமியைப் பச்சையாகப் பிள்ளைக்குக் கொடுக்க அவளுக்குக் கை வருமா? கிருமியில் நல்லதென்ன, கெட்டதென்ன. பால் பொங்கி வரும்போது உறையைக் கிழித்து அதில் கொட்டி, இன்னும் இரண்டு கொதி விட்டு, ஆற்றிக் கொடுத்தாள். தொண்ணூறு நாளும் அப்படித்தான் கொடுத்தாள்.

மூன்று மாசம் கழித்துப் புதுக்கோட்டைக்குப் போனபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரத்தத்தில் நாற்பதைத் தாண்டக்கூடாத ஈரல் கணக்கு எண்பத்தாறிலிருந்து நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏறியிருந்தது. எடையும் இரண்டு கிலோ கூடியிருந்தது.

"பொடி ஒழுங்கா குடுத்தீங்களாம்மா?"

"ஒரு நாளு தவறல சார். பால்ல போட்டு நல்லா கொதிக்க வச்சு..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கொதிக்கவா வச்சீங்க?"

"கிருமின்னு சொன்னீங்களே சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கொதிக்க வச்சா அது செத்துப்போயிருமேம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். ரம்யா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒரு மகனைக் கொதிக்க வைக்காமல் விட்டாள், மகளுக்குக் கொதிக்க வைத்துக் கெடுத்தாள். இவள் கைக்கு எதுதான் விளங்கப்போகிறது?

"அதுனால மட்டும் கூடிப்போச்சுன்னு நெனைக்காதீங்க. பொடி சரியா போயிருந்தாலும் அது மட்டும் காப்பாத்தியிருக்காது. சாப்பாட்டச் சொல்லுங்க. எங்கயோ ஒதைக்குது."

ரம்யா தலையைக் குனிந்துகொண்டு வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னாள். "வாரத்துல ஒரு வேளதான் சார். சாக்லெட்டு, பால் பவுடரு எல்லாம் அன்னிக்குத்தான். அவுக அப்பா பாக்கணும்பாரு."

"ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடும் பாப்பா?"

அதுவரைக்கும் ஸ்டூலில் அமைதியாக உட்கார்ந்திருந்த தேவிதான் பதில் சொன்னாள். "எனக்குப் பாதியிலயே வயிறு நெறஞ்சுரும் சார். அப்பா போதும்னு சொல்ற வரைக்கும் சாப்பிடுவேன். அப்பா போதும்னே சொல்ல மாட்டாரு. அப்புறம் ராத்திரி வாந்தி வரும். அம்மாட்ட சொன்னா அப்பாட்ட சொல்லிருவாங்கன்னு சொல்றதில்ல."

ரம்யா மகளைப் பார்த்தாள். பத்து மாசம் சுமந்து பெற்று, கண்ணில் வைத்து வளர்த்த பிள்ளை, அப்பா முகம் வாடக்கூடாதென்று வாந்தி எடுத்துவிட்டு வந்து பேசாமல் பக்கத்தில் படுத்திருக்கிறது. அவளுக்குத் தெரியவே தெரியாது. அழக்கூடாது என்று எவ்வளவோ அடக்கியும் முடியவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டுப் பேசினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இந்த வயசுல ஈரல் தேறி வந்துரும். இப்படியே விட்டீங்கன்னா தழும்பு விழுந்து கெட்டியாயிரும். அதுக்கப்புறம் பொடியும் கேக்காது, மாத்திரையும் கேக்காது. அவுக அப்பாட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் சார்" என்றாள் ரம்யா.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் போன் அடித்தது. தேவி கையில் தட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலமே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டாள்.

"என்ன ஆத்தா, தட்டக் காணோம்? அம்மா இன்னும் அடுப்படியிலயா?" கட்டிலின் மேல் கட்டிலாகப் போட்ட அறையில், தலைக்கு மேலே யாருடைய சட்டையோ தொங்க, திருப்பதி சிரித்துக்கொண்டிருந்தான்.

ரம்யா போனைத் தன் பக்கம் திருப்பினாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அவன் நம்பவில்லை. "எவ கண்ணு பட்டுச்சோ, மொளகா சுத்திப் போடு. டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நல்லா திங்குற புள்ளைக்கு எங்கிட்டுருந்து வரும் சீக்கு?" பிறகு கோபம் வந்தது. "மூணு மாசமா எங்கிட்ட மறச்சிருக்க. நான் யாரு ஒனக்கு? மாசாமாசம் அனுப்புறதுக்கு மட்டுந்தானா?"

அவன் கத்தி முடிக்கட்டும் என்று இருந்தாள். முடித்த பிறகு, தேவி டாக்டரிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் அப்படியே சொன்னாள்.

போனில் அவன் முகம் அசையாமல் நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று ரம்யா நினைத்தாள். பின்னால் யாரோ நடந்துபோனதைப் பார்த்துத்தான் இல்லையென்று தெரிந்தது.

"வாந்தி எடுத்துச்சா?" என்று கேட்டான்.

"ஆமாங்க."

"அவன் ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறான்னு அன்னிக்கு நீ சொன்னீல்ல. அது இன்னும் காதுலயே இருக்கு ரம்யா. இது சாப்புடறதப் பாத்தாத்தான் அந்தச் சத்தம் அடங்கும். அதுக்குத்தான் பாத்தேன். வேற ஒண்ணுமில்ல."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் செம்மலைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. "நானும் அதே பயத்துலதாங்க கொதிக்க வச்சேன்" என்றாள் ரம்யா. போனவனை நினைத்து இருந்தவளைப் பாழாக்கினோம் என்று ஒருவர்க்கொருவர் எப்படிச் சொல்லிக்கொள்வது? அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். மகள் பார்க்கிறாள் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புள்ளயக் குடு" என்றான்.

தேவி போனை வாங்கினாள். அப்பனும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சாப்பிட்டாய், இன்னும் ஒரு வாய், தண்ணி குடி என்பதைத் தவிர மகளிடம் பேச அவனிடம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமும் அதிலேயே ஓடிவிட்டது. "நாலாப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டான். "அஞ்சாப்புப்பா" என்றாள் அவள். "ஆமா, ஆமா, அஞ்சாப்பு" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டான். போனை வைத்துவிடுவான் என்றுதான் ரம்யா நினைத்தாள். வைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடுவானோ மாட்டானோ என்று அவள் போன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள் தேவி.

"இனிமேத்தான் ஆத்தா. நீ சாப்பிட்டதப் பாத்துட்டுத்தான் சாப்புடுவேன்."

"அப்ப நீங்க சாப்பிடுங்க. நான் பாக்குறேன்."

"எதுக்கும்மா? நான் அப்புறமா சாப்பிட்டுக்கிறேன்."

"நான் மட்டும் உங்க முன்னாடி சாப்பிட்டேன்ல."

அவனால் மறுக்க முடியவில்லை. எழுந்துபோனான். போன் கொஞ்ச நேரம் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மடியில் ஒரு பேப்பரை விரித்தான். காலையில் வாங்கிய குபூஸ் ரொட்டியில் பாதி, ஓரமெல்லாம் விறைத்துப்போயிருந்தது. ஒரு டப்பா மூடியில் தண்ணீராய்ப் பருப்பு, ஒரு பச்சை மிளகாய். அவன் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் ஊறவைத்து வாயில் போட்டான்.

"இவ்வளவுதானாப்பா?" என்றாள் தேவி.

திருப்பதி மென்றுகொண்டே தலையை ஆட்டினான். தேவி போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாக ரம்யாவும் பார்த்தாள். அவன் சாப்பிட்டு அவள் பார்ப்பது, போன தடவை லீவில் வந்ததற்குப் பிறகு இப்போதுதான். லீவு எப்போது, உடம்புக்கு எப்படி, பணம் போட்டாயிற்றா என்று வாராவாரம் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.