இடது கை தூக்கியவர்கள்

எனக்கு வாய் அதிகம். நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் உங்களிடம் வந்து கோள் மூட்ட வேண்டாம். தம்பானூரில் ஆட்டோ ஏறும்போது பேச ஆரம்பித்தால், பழவங்காடியில் இறங்கிச் சில்லறை வாங்கிய பிறகும் பேசிக்கொண்டு நிற்பேன். "கௌசல்யா டீச்சர் வந்தாச்சு, இனி ரேடியோவை அணைச்சிரலாம்" என்பார்கள் ஸ்டாஃப் ரூமில். என்னவும் சொல்லட்டும்.

அப்படிப்பட்ட நான், எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் மட்டும் மிண்டாமல் இருக்கப் பழகினேன். மிண்டாமல் என்றால் வாயைத் திறக்காமல். நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவள் நான். என் தமிழில் பாதி வீட்டை மலையாளம் வாடகைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

முன்பெல்லாம் நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் முதல் பெஞ்சு பிரவின்ராஜ் பதில் சொல்லிவிடுவான். "சபாஷ் மக்கா" என்று அடுத்த கணக்குக்குத் தாவுவேன். பாடம் ஜோராக ஓடும். பரீட்சைத் தாளைத் திருத்த உட்கார்ந்தால்தான் தெரியும், ஓடியது நானும் அவனும் மட்டும்தான் என்று. மற்ற பிள்ளைகள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாரோ ஒருவன் பதில் சொல்லப்போகிறான் என்றால் அவர்கள் எதற்கு மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு சட்டம் போட்டேன். கேள்வி கேட்டபின் சாக்பீஸ் என் கையிலேயே இருக்கும். அதை நான் மேஜைமேல் வைக்கிறவரை யாரும் கை தூக்கக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. எனக்கும் அதே சட்டம்தான். அந்த நேரம் எனக்கு நாக்கு அரிக்கும் பாருங்கள், சொல்லி மாளாது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

கொஞ்ச நாள் பிள்ளைகள் நெளிந்தார்கள். பிறகு ஒருநாள் மூன்றாம் பெஞ்சிலிருந்து சபீனா வாய் திறந்தாள். தென்காசிக்காரர்கள். வாப்பாவுக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் வேலை. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள்முதல் அவள் குரலை எந்த டீச்சரும் கேட்டதில்லை. மந்தம் என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். மந்தமாவது மண்ணாங்கட்டியாவது! அவள் ஒரு கேள்வியை வாங்கிப் புரட்டிப் பார்ப்பாள், அடிப்பக்கம் பார்ப்பாள், அப்புறம்தான் பதில் சொல்வாள். அதுவரை அவளை யாரும் விட்டதில்லை, அவ்வளவுதான் சங்கதி.

எங்கள் தலைமையாசிரியர் ஆனந்தகிருஷ்ணன் சாருக்கு என் சட்டம் பிடிக்கவில்லை. வராந்தாவில் போனவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சரே, மௌன அஞ்சலியா?"

"யோசிக்காங்க சார்."

"யோசிக்கட்டும். கிளாஸ்னா ஒரு சத்தம் வேண்டாமா? ரிசல்ட் வரும்போ இந்த யோசனை எங்க இருக்குன்னு பாக்கலாம், கேட்டோ."

ரிசல்ட், ரிசல்ட் என்று அந்த மனிதர் உருகிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் நூறு சதமானம் பாஸ் வேண்டும் என்று மேனேஜ்மென்ட் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, இந்த வருஷம்முதல் எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவது. பெயர் மட்டும் பெரிதாக 'ஸ்பெஷல் பேட்ச்'. இடம், மத்தியானச் சோறு பொங்குகிற கஞ்சிப்புரைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூம். அங்கே உட்கார்ந்து கேள்வி-பதிலைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்படி அனுப்பிய பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பி வகுப்புக்கு வரவில்லை.

இந்த வருஷம் முதலில் போகப்போவது சபீனா என்று எனக்குத் தெரியும். இப்போதுதான் வாய் திறந்த பிள்ளை. அங்கே போனால் மறுபடி மூடிக்கொள்ளும், பிறகு எந்த டீச்சர் வந்தாலும் திறக்காது.

"அவங்களுக்கு நல்லதுதானே டீச்சர்? தனியா இருந்து மெதுவாப் படிக்கட்டும்" என்றார் சார்.

"அரிசி மூட்டைக்கும் எலிக்கும் நடுவுல என்னத்தப் படிப்பாங்க சார்?"

"கல்வி ஆபீஸ்லேந்து ரெஜி சார் வர்றார். உங்க கிளாஸைத்தான் பாக்கப் போறார். அது நல்லபடியா நடந்தா, ஸ்பெஷல் பேட்ச் வேணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசலாம்."

சரி, நடத்திக் காட்டுகிறேன் என்று வந்துவிட்டேன்.

ரெஜி சார் வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெச்.எம். கதவோரம் நின்றார். நான் கரும்பலகையைத் தட்டினேன். "மக்களே, இந்தப் போர்டை இன்னும் பெருசாக்கப் போறோம். நீளமும் ரெண்டு மடங்கு, அகலமும் ரெண்டு மடங்கு. அப்போ பெயின்ட் எத்தன மடங்கு வேணும்?"

சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மேஜைமேல் வைத்தேன்.

வகுப்பு மொத்தமும் கை தூக்கியது! எனக்குத் திக்கென்றது. இப்படி ஒரு காட்சியை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. சிலர் வலது கை, சிலர் இடது கை. ரெஜி சாருக்கு ஒரே சந்தோஷம். நான் யாரையும் கூப்பிடுவதற்குள் அவரே விரலை நீட்டினார். "மோளே, நீ சொல்லு."

அவர் காட்டியது சபீனாவை. அவள் எழுந்து, தூக்கிய கையை ஒருமுறை பார்த்தாள்.

"சார், இது எடது கை."

"அதுக்கென்ன?"

"தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க எடது கை, எல்லாரும் கண்டிப்பா தூக்கணும்னு ஹெச்.எம். சார் நேத்து சொல்லித் தந்தாங்க. எடது கைக்காரங்கள கேக்க மாட்டாங்கன்னும் சொன்னாங்க."

நேற்று நான் லீவு. அடப்பாவி மனுஷா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஹெச்.எம். "பிள்ளைங்க தமாஷ் பண்றாங்க" என்று சிரித்துப் பார்த்தார், யாரும் கூடச் சிரிக்கவில்லை. ரெஜி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, வலது கை தூக்கியிருந்த பிரவின்ராஜைக் காட்டினார்.

"ரெண்டு மடங்கு சார்!"

"வெரிகுட்" என்றார் ஹெச்.எம்.

என்ன வெரிகுட்! தப்பான பதிலுக்கு ஒரு வெரிகுட். "சார், கேள்வி முதல்ல சபீனாகிட்டதான் போச்சு. அவ சொல்லட்டும்" என்றேன்.

சபீனா கரும்பலகையைப் பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் விரலால் காற்றில் கோடு போட்டாள்.

"பக்கத்துல இன்னொரு போர்டு வரும்... கீழ ஒரு போர்டு வரும்... இதோட சேத்து மூணு..."

நிறுத்தினாள். கண் மட்டும் போர்டை விட்டு நகரவில்லை. இன்னொன்று வந்துகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகத்தில் அது வருவதை நான் பார்த்தேன்.

"தப்பு. இரி" என்றார் ஹெச்.எம்.

"சார், நீங்க கொஞ்ச நேரம் மிண்டாம இருக்கீங்களா!"

வாய்தான். அதிகாரி முன்னால், பிள்ளைகள் முன்னால். ஆனால் அதற்குள் சபீனா உட்கார்ந்துவிட்டாள், தலையும் குனிந்துவிட்டது. என்மேல் இருந்த கோபத்தைவிட அவர்மேல் எனக்கு வந்த கோபம்தான் பெரிது.

ரெஜி சார் சாயாவும் பழம்பொரியும் முடித்து, 'வகுப்பில் உற்சாகம் போதாது' என்று எழுதிவைத்துப் போனார். ஹெச்.எம். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை நானே உங்க கிளாஸுக்கு வர்றேன். ஒரே ஒரு கேள்வி. இடது கை தூக்கறவன் அப்பவே பையை எடுத்துட்டு ஸ்டோர் ரூம். தீர்ந்தது."

"ஆள் எடுக்க இது பட்டாளமா சார்? நான் நிக்கும்போ ஒரு பிள்ளை அங்கேருந்து நகராது."

"மெமோ வரும் டீச்சர்."

"வரட்டும். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, என் கையில் என்ன இருக்கிறது? அவர் ஹெச்.எம்., நான் டீச்சர். அவர் வந்து நின்று கையைத் தூக்கச் சொன்னால் பிள்ளைகள் தூக்கத்தான் செய்யும். சபீனா பொய்க் கை தூக்குகிற பிள்ளை இல்லை.

மறுநாள் வகுப்பில் போர்டுக் கணக்கை மறுபடி எடுத்தேன். சாக்பீஸை சபீனா கையில் கொடுத்தேன். "நேத்து எங்க நின்ன பிள்ளே? அங்கேருந்து போ."

அவள் ஒரு கட்டம் வரைந்தாள். பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று. நின்றாள். நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு மூலையில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.

"மூலைய விட்டுட்டேன் டீச்சர். நாலு."

பிரவின்ராஜ் எழுந்து நின்றான். "டீச்சர், நான் எப்படி ரெண்டுன்னு சொன்னேன்? எனக்கே தெரியல."

"அவசரம் மக்கா. எனக்கு இருக்கிற அதே வியாதி" என்றேன். அப்போதுதான் இன்னொரு சட்டம் போட்டேன். "ஹெச்.எம். சார் சொல்லித் தந்த எடது கை நல்ல கைதான். நாம வச்சுக்கிடுவோம். ஆனா அதுக்குத் தெரியாதுன்னு அர்த்தம் வேண்டாம். நான் யோசிச்சிட்டிருக்கேன், யாரும் மிண்டாதீங்கன்னு அர்த்தம். அந்தக் கை மேல இருக்கும்போ நானும் வாயைத் திறக்கப்படாது."

டீச்சர் வாயை அடைக்க ஒரு கை கிடைத்தால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? அன்று மத்தியானமே, பின்னக் கணக்குக்கு நடுவில் நான் என் நாத்தனார் வீட்டுக் கதைக்குள் போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வகுப்பு முழுக்க இடது கை! "போங்க பிள்ளைகளா" என்று கதையை விழுங்கிவிட்டுக் கணக்குக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை ஹெச்.எம். வருவார், ஒரு கேள்வி கேட்பார் என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஸ்டோர் ரூமைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை வந்தார். இடது கையில் ஸ்டோர் ரூம் சாவி. ஜன்னல் வழியாகத் தெரிந்த பள்ளிக்கூடத் தண்ணீர்த்தொட்டியைக் காட்டினார்.

"போர்டுக் கணக்கு படிச்சீங்கல்லே? இப்ப தொட்டி. நீளம், அகலம், உயரம், மூணும் ரெண்டு மடங்கு. தண்ணி எத்தனை மடங்கு பிடிக்கும்? தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. இடது கை தூக்கறவங்க பையோட எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போகணும். உம், தூக்குங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். சபீனாவின் இடது கை மேலே போனது.

அடுத்து தூக்கியது பிரவின்ராஜ். இடது கை. பிறகு அவன் பெஞ்சு, அடுத்த பெஞ்சு, ஜன்னலோரம், கடைசி வரிசை. ஒரு வலது கைகூட இல்லை.

"பிரவின்ராஜ்! உனக்குமாடா தெரியாது?"

"யோசிச்சிட்டிருக்கேன் சார். போன தடவ அவசரப்பட்டுத் தப்பாப் போச்சு."

"எல்லாரும் பையை எடுங்க, அப்போ!"

ஒருவரும் பையைத் தொடவில்லை. கைகள் அப்படியே நின்றன. ஹெச்.எம். என் பக்கம் திரும்பினார். "டீச்சர், என்ன இதெல்லாம்? சொல்லுங்க இவங்ககிட்ட!"

நான் கையிலிருந்த சாக்பீஸைக் காட்டினேன். அதை இன்னும் மேஜைமேல் வைக்கவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" அவர் குரல் உயர்ந்தது. "மூணு பக்கம். ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கு. மூவிரண்டு ஆறு. ஆறு மடங்கு! இதுக்கு இத்தனை நேரமா?"

ஆறு இல்லை, எட்டு. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரைக் குழப்பியது. சிரித்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார். வகுப்பு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, என்னிடம் பார்க்கிற அதே பார்வையோடு. அவர் மெல்லப் போர்டுப் பக்கம் திரும்பினார். சபீனா வரைந்த நாலு கட்டம் ஓரத்தில் இன்னும் அழியாமல் இருந்தது.

"ஆறுதானே?" என்றார். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சபீனா எழுந்தாள். கையை இறக்கவில்லை.

"நீங்க மூலைய விட்டுட்டீங்க சார். பரவால்ல, நானும் விட்டேன்." தூக்கிய தன் கையைக் காட்டினாள். "எடது கை தூக்குங்க சார். நாங்க மிண்ட மாட்டோம்."

ஆனந்தகிருஷ்ணன் சார் அவளைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். உதடு ஏதோ எண்ணிப் பார்த்தது, பாதியில் நின்றது, மறுபடி முதலிலிருந்து எண்ணியது. கையிலிருந்த சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு அந்த இடது கை, தோள்வரை வந்து தயங்கி, மெதுவாக மேலே போனது.

வகுப்பில் ஒருவரும் மிண்டவில்லை. நானும்தான்.