கம்பெனி பஸ்ஸில் கழற்றும் தாலி

பெண்ணின் அடையாளத்தை அவளே எழுதுகிறாள்; அதை அழிக்க உலகில் எந்தச் சக்தியாலும் முடியாது. ஒரகடத்தை ஒட்டிய ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மகளிர் தின மேடையில் எச்.ஆர். மேலாளர் ஹேமந்த் இப்படி முழங்கினார். மைக் நடுவில் நின்றுபோனதால் பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது ‘அதை அழிக்க’ வரைக்கும்தான்.

இந்த ஆண்டின் ‘சொந்தக் காலில் நிற்கும் பெண்’ விருது, அசெம்பிளி லைனில் நிற்கும் கவிப்பிரியாவுக்கு.

அங்கே ஆள் அனுப்பும் ஏஜென்சி கல்யாணமாகாத பெண்களைத்தான் எடுக்கும். ஆனவள் என்றால் லீவு, பிள்ளை, மாமியார் என்று உற்பத்தி குறையுமாம். பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் வீடு வாடகைக்கு விடும் கோவிந்தம்மாவோ கல்யாணமானவளுக்குத்தான் சாவி தருவார். தனிப்பெண் என்றால் தெருவின் மானம் குறையுமாம். தங்கியிருந்த ஹாஸ்டலில் கடைக்குப் போகவும் அப்பா போன் செய்து அனுமதி சொல்ல வேண்டும் என்பது சலித்துப்போய், கவிப்பிரியா ஒரு மஞ்சள் கயிறு வாங்கினாள். பெங்களூரில் வேலை பார்க்கும் புருஷன் ஒருவனையும் கோவிந்தம்மாவிடம் சொல்லிவைத்தாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் தாலியைக் கழற்றி டிபன் பைக்குள் போடுவாள், திரும்பும்போது கட்டிக்கொள்வாள். அந்த ஒற்றை அறையில் ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்று அவளே தீர்மானித்தாள். அதற்கு முன் அவள் எதையும் தீர்மானித்ததில்லை.

விழாவுக்காக அன்று சேலை. பஸ்ஸில் எல்லோரும் சேலையையே பேசியதில் கழற்ற மறந்துவிட்டாள். பொன்னாடைக்குக் குனிந்தபோது தாலி வெளியே வந்து ஆடியது. முன்வரிசை கைதட்டலை நிறுத்தியது.

விழா முடிந்ததும் ஹேமந்த் அறைக்குக் கூப்பிட்டார். ஏஜென்சியின் செந்தாமரை மேடமும் இருந்தார்.

“எப்பம்மா கல்யாணம்?”

“ஆவல சார். வூட்டுக்கார அம்மாவுக்காகக் கட்டிகினது. சும்மா கயிறு.”

“தாலியில என்னம்மா சும்மா?”

“அந்தம்மாவையே கேட்டுடலாம் சார்” என்றார் செந்தாமரை. “நம்பர் குடு.”

கொடுக்காவிட்டாலும் தப்பு. கொடுத்தாள். ஸ்பீக்கரில் கோவிந்தம்மா வந்தார்.

“கவிக்குக் கல்யாணம் ஆச்சான்னா கேக்குற? குடும்பப் பொண்ணப் பத்தி இன்னாப்பா கேள்வி இது? அவ வூட்டுக்காரரு போன வாரங்கூட வந்தாரே. என் கையாலதான் சாப்ட்டாரு. வாட்டசாட்டமா, நல்ல மனுஷன்.”

கோவிந்தம்மா அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை. யாரோ ஆம்பளை குடித்தனக்காரியின் நடத்தையை விசாரிக்கிறான் என்று நினைத்து, அவள் மானத்தைக் காப்பாற்றினார்.

“கம்பெனிக்கு நேர்மைதாம்மா முக்கியம்” என்றார் ஹேமந்த். செந்தாமரை அவளுடைய கம்பெனி அட்டையை வாங்கிக்கொண்டார். விருதை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சாயங்காலம் கோவிந்தம்மா காபி கொண்டுவந்து வைத்தார். “வேலை போனா போவுது வுடு. உனக்கென்ன, ஆம்பளை இல்லாமயா கீது? இனிமே வாடகைய அவராண்டயே வாங்கிக்கறேன். போன் போடு, நானே பேசறேன். அவரு பேரு இன்னா சொன்ன?”

கவிப்பிரியா யோசித்தாள். வீடு கேட்டு வந்த அன்று என்ன பெயர் சொன்னோம் என்று அவளுக்கு நினைவில்லை.