ரப்பருக்கு விட்ட இடம்

1

இந்தக் கதையை எழுத நான் நினைக்கவே இல்லை. ஓர் ஆல்பத்தின் உறைக்கு முந்நூறு வார்த்தையில் ஒரு குறிப்பு கேட்டார்கள். ஒரு ராக் குழுவின் பாடகர் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் வெளியிடாமல் விட்டுப்போன பாடல்களின் தொகுப்பு அது. முந்நூறு வார்த்தை என்பது எனக்கு அரை நாள் வேலை. மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். குறிப்பு வரவில்லை, இது வருகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கலைஞர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள், ஆனால் அவர்கள் குரல்...'

அடித்துவிட்டேன். ரெடிமேட் சட்டை மாதிரி, செத்த எவருக்கும் பொருந்தும்.

அடுத்தது: 'அந்த வீட்டின் பின்னறையில் துணி தேய்க்கிற மேசை ஒன்று இருக்கிறது.' இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

2

அந்த மேசையில் மைக்கை வைத்து, சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து, பாடகர் தன் கடைசி வருடத்தில் பதினோரு பாடல்களைத் தனியாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். கணவர் உள்ளே பாடுகிறார் என்று தெரியும், பதிவு செய்கிறார் என்று தெரியாது. அவர் போன பிறகு பழைய கணினியைத் திறந்தால் 'அப்புறம்' என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டர். உடனே குழுவின் டிரம்மரைக் கூப்பிட்டார். டயர் கடை வைத்திருக்கும் டிரம்மர், ஒலிப்பதிவாளரைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

மூன்றாவது பாட்டில் பின்னால் வாஷிங் மெஷின் ஓடியது.

"எடுத்துரலாமா அண்ணே?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"விட்டுருப்பா. என்னைவிட அதுதான் தாளத்துல சரியா நிக்குது."

(சும்மா சொன்னார். பதினோரு பாட்டுக்கும் இந்த மனிதர் கடையை மூடிவிட்டு வந்து, ஏறி இறங்குகிற அந்தக் குரலுக்குப் பின்னால் ஓர் அடி பிசகாமல் வாசித்திருக்கிறார். பாடகன் பின்னால் போவது அவன் உயிரோடு இருக்கும்போதே கஷ்டம். கண்ணைக் காட்ட ஆளில்லாதபோது எப்படிப் போனார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.)

3

ஏழாவது பாட்டில்தான் சிக்கல். இரண்டாவது சரணம் முடிந்ததும் பாட்டு நிற்கிறது. காலால் தரையைத் தட்டும் சத்தம் மட்டும் நெடுநேரம். அப்புறம் கடைசிச் சரணம்.

"இது ரப்பருக்கு விட்ட இடம்" என்றார் டிரம்மர்.

ரப்பர் குழுவின் கிட்டார்காரர். தனியாக வாசிக்க எட்டுச் சுற்று கொடுத்தால் இருபதுக்கு இழுப்பார், அதனால் அந்தப் பெயர். வைத்தவர் பாடகர். பாடகர் இறப்பதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு மேடையில் ரப்பர் ஒன்பது நிமிடம் இழுத்தார். பாடகர் நேராகப் போய்க் கிட்டாரின் வயரைப் பிடுங்கிவிட்டார். அத்தனை பேர் முன்னால். ரப்பர் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியவர்தான். இருவருக்கும் அதோடு பேச்சு இல்லை.

ரப்பருக்குப் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. பாடகர் படுத்திருந்த மருத்துவமனையின் லிஃப்டையும் அவர்தான் ஒரு நாள் வந்து சரிசெய்தார். [இந்த இடத்தில் நீங்கள் நம்பப்போவதில்லை. ரப்பரே சொன்னது. நானாகக் கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடு கட்டியிருப்பேன்.] ஓடுகிறதா என்று பார்க்க நாலாவது மாடிவரை போனார். கதவு திறந்தது. பாடகரின் அறை நடையில் மூன்றாவது. கதவு மூடியது. கீழே வந்துவிட்டார்.

'குற்றவுணர்ச்சி அவரை உள்ளுக்குள்...' என்று ஒரு பத்தி இங்கே இருந்தது. அவர் உள்ளுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துவிட்டேன்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரப்பரை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். அவர் வெறுங்கையோடு வந்தார்.

"எனக்கு விட்ட எடம்னு உங்ககிட்ட சொல்லிட்டா போனான்? மூச்சு வாங்கியிருக்கும். உடம்பு முடியாதவன்."

"முழுசா கேளுடா" என்றார் டிரம்மர்.

ஒலிப்பதிவாளர் சத்தத்தைக் கூட்டினார். கால் தட்ட ஆரம்பித்தது. எட்டுச் சுற்று ஆயிற்று, நிற்கவில்லை. பன்னிரண்டு. பதினாறு. இருபதாவதில், மைக்கை விட்டுத் தள்ளி, சிரிப்பு கலந்து ஒரு குரல்:

"போதும்டா ரப்பர், நான் பாடணும்."

[முதல் வரைவில் ரப்பர் அழுதார். நிஜத்தில் அழவில்லை.] அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இங்க கிட்டார் ஏதாவது கெடக்கா?" என்றார்.

சுவரில் ஒன்று மாட்டியிருந்தது. கம்பிகள் பழசு. சுருதி சேர்த்துவிட்டு, ஒரே தடவைதான் வாசித்தார். இசையை எழுத எனக்கு வராது. பாதி வார்த்தையில் நின்றுபோன சண்டையை ஒருவர் மெதுவாகத் தொடர்வது மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். 'போதும்டா' வந்தது. ரப்பர் நிறுத்தவில்லை. பாடகரின் கடைசிச் சரணத்துக்குமேல் இன்னும் இரண்டு சுற்று இழுத்தார்.

"திருந்தவே மாட்டான்" என்றார் டிரம்மர். அவர்தான் அழுதார்.

5

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் மறுநாள் பாடகரின் மனைவி ஃபோன் செய்தார். கிட்டாரோடு ஒன்று, கிட்டார் இல்லாமல் ஒன்று என இரண்டையும் கேட்டிருந்தார்.

"எதைப் போடறதுன்னு என்னைக் கேக்குறாங்க. நீங்க எழுதுறவரு, சொல்லுங்களேன்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"கிட்டாரோட போட்டா, ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்கன்னு கேக்குறவங்க நெனைப்பாங்க. ஆகலையே. அவரு அந்த ரூம்ல ஒத்தையாத்தானே தட்டிக்கிட்டு இருந்தாரு. அதை நான் எப்படி மறைக்கிறது? ஆனா எடுத்துட்டா, அந்தத் தம்பி வந்து வாசிச்சதும் இல்லேன்னு ஆயிடும். இன்னொரு தடவ வயரைப் புடுங்குன மாதிரி."

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். கிட்டார் உள்ள முடிவு கல்யாண ஃபோட்டோ மாதிரி எல்லோரையும் சிரிக்கவைத்து நிறுத்தியது. இல்லாத முடிவு ரப்பருக்குத் தண்டனை கொடுத்தது. இரண்டையும் கிழித்தேன்.

அவரிடம் "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மூன்று நாளாகிறது. அச்சுக்குப் போக இன்னும் இரண்டே நாள்.

நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு அவர்கள் யாரையும் தெரியாது, நியாயமாகச் சொல்வீர்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் இருந்துவிட்டேன்.