டோக்கியோவுக்கு இரண்டு நிபுணர்கள்

கலிபோர்னியாவின் சான் ரமோனில் ஜப்பானுக்கு ஒரே அத்தாரிட்டி சேனாபதிதான். போன வருடம் மனைவியோடு எட்டு நாள் டோக்கியோவில் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, தெரிந்த தமிழ்க் குடும்பம் எதுவும் அவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் விமானம் ஏறியதில்லை. அந்தப் பதவிக்குத்தான் இப்போது ஆபத்து. திருமூர்த்தி பத்து நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறார். முழுசாக இரண்டு நாள் அதிகம்.

சனிக்கிழமை மதியம், திருமூர்த்தி வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரும் பாட்லக் விருந்து. டிவியில் அவருடைய டோக்கியோ படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் கிளம்பவிருக்கும் மானஸா, போனில் குறிப்பெடுத்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போன பாட்லக்கில் அவள் உட்கார்ந்திருந்தது சேனாபதி பக்கத்தில்.

"ட்ரெயின்ல போன் பேசக்கூடாதும்மா. டிப்ஸ் வெச்சா பின்னாடியே ஓடி வந்து திருப்பிக் குடுத்துடுவான்," என்றார் திருமூர்த்தி.

"சூப்பர் அங்கிள்! இதெல்லாம் யாருமே சொல்லலையே!"

சேனாபதி தயிர்சாதத்தில் ஸ்பூனைக் குத்தி நிறுத்தினார். டிப்ஸ் பற்றி மட்டும் அவளுக்கு நாற்பது நிமிடம் சொல்லியிருக்கிறார்.

"சாப்பாடு அங்கிள்? நாங்க ப்யூர் வெஜ்."

"நாங்க மட்டும் என்னவாம்? ஹோட்டல்ல காலையில மீசோ சூப் ஃப்ரீ. சோயாபீன், கடல்பாசி, அவ்ளோதான். சாரதா தினம் மூணு கப். பட்ஜெட்டுக்கு பட்ஜெட், சைவத்துக்கு சைவம்."

அவர் மனைவி சாரதா பெருமையாகத் தலையாட்டினாள்.

சேனாபதி தட்டைக் கீழே வைத்தார். கடவுள் இப்படியொரு வாய்ப்பை எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

"மூர்த்தி, அந்த சூப்புக்கு ஊத்துறதே மீன் தண்ணிப்பா. காய வெச்ச மீனைச் சீவிக் கொதிக்க வெச்சு வடிகட்டுவான். இந்த பேசிக் கூடத் தெரியாமலா அட்வைஸ் பண்றே?"

சாரதா வாயைப் பொத்திக்கொண்டாள். திருமூர்த்தியின் முகம் தொங்கிவிட்டது. மானஸா நிமிர்ந்து சேனாபதியைப் பார்த்தாள். ஆகா, அந்தப் பார்வை! நாற்காலியை அவள் பக்கம் லேசாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் அவர் மனைவி ருக்மிணி. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவள். "நாமளும் எட்டு நாளும் அதைத்தானே குடிச்சோம்?"

மனைவியும் இதே கூடத்தில்தான் இருக்கிறாள் என்பது சேனாபதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"குடிச்சோம்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

நேற்றுத்தான் எங்கோ படித்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், அவரும் அங்கே ஒன்றும் தெரியாமல்தான் சுற்றினார் என்றாகிவிடும். அவரும் மூர்த்தியும் ஒன்றா? மானஸா வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சிட்டேன்," என்றார், கொஞ்சம் கம்பீரமாகவே.

ருக்மிணி எழுந்துபோய் சாரதா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வெளியில வெஜ் மீல்ஸ் ஆளுக்கு இருபது டாலர் ருக்கு..." என்று இழுத்தார். அவள் திரும்பவே இல்லை.

திருமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நாங்க தெரியாம குடிச்சோம்மா," என்றார், நெஞ்சில் கைவைத்து.

மானஸா போனில் 'மீசோ வேண்டாம்' என்று குறித்துக்கொண்டாள். "கரெக்ட் அங்கிள். நீங்க அடுத்தது சொல்லுங்க," என்றாள் திருமூர்த்தியிடம்.