ரோட்டோரத் துண்டில் க்ளோவர் இல்லை

எங்கள் மேய்ச்சல் நிலத்தைப் பார்க்க வின்டன் ஊர்ப் பக்கத்து விவசாயிகள் இருபது பேர் வரப்போகிறார்கள் என்று ஷோனா சொன்னபோது, ரோட்டோரத் துண்டு நிலம் முழுக்க முட்செடி. எங்கள் மெக்கெர்சி குடும்பத்து நிலத்தில்!

"மருந்து அடி" என்றேன். பண்ணை இப்போது மகள் ஷோனா கையில்.

"அடிச்சாச்சுப்பா. புல்லோட சேர்ந்து வளர்ற க்ளோவர் செடியை விட்டுவைக்கிற மருந்து, மெதுவாத்தான் கேக்கும். க்ளோவர் போச்சுன்னா புல்லுக்கு யாரு உரம் குடுப்பா?"

"வர்றவன் கண்ணுல முள்ளுதானே படும்?"

"படட்டும். நீங்க கை வைக்காதீங்க."

என்னிடமே இந்தப் பேச்சு. அவள் டவுனுக்குப் போன அன்று, வேலியோரத்துக்கு வைத்திருந்த கடுமையான மருந்தை டாங்கியில் ஊற்றினேன். லேபிளில் போட்டிருந்த அளவு எனக்குப் போதவில்லை. ஒன்றரை மடங்கு.

மூன்று வாரத்தில் முட்செடி சுருண்டு செத்தது. க்ளோவரும் செத்தது. ஷோனா கத்திய கத்தலில் மாடுகள் திரும்பிப் பார்த்தன.

"புல்லு பச்சையாத்தானே இருக்கு. எவன் குனிஞ்சு பார்க்கப்போறான்?" என்றேன்.

பார்க்க வந்த அன்று அத்தனை பேரும் குனிந்தார்கள். குனியாமல் இருப்பார்களா? நாற்பது வருஷம் அடுத்தவன் நிலத்தில் முழங்கால் போட்டுப் புல்லை விலக்கிப் பார்த்தவன்தானே நானும்.

பக்கத்துப் பண்ணை நெவில் தலையைத் தூக்கினான். "என்னம்மா ஷோனா, காலேஜ்ல க்ளோவர் பாடம் நடத்துன அன்னிக்கு லீவா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அளவு கூடிப்போச்சு, நெவில்" என்றாள் ஷோனா. என் பக்கம் திரும்பவே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் மகளைப் பார்த்து, அதுவும் நெவில், சிரிப்பதா?

"அடிச்சது நான்" என்றேன். "மருந்தும் தப்பு, அளவும் தப்பு. அவ வேண்டாம்னுதான் சொன்னா."

சிரிப்பு நின்றது. நெவிலுக்கு மட்டும் வாயெல்லாம் பல். "ஈவர்ட், இந்தத் துண்டை இப்படியே விட்டுடு. க்ளோவர் திரும்ப வர எத்தனை நாளாகுதுன்னு எல்லாரும் பார்க்கலாம். கேட்டுல ஒரு போர்டு வைப்போம்."

மறுநாளே எழுதிக் கொண்டுவந்துவிட்டான், அவ்வளவு அவசரம். 'மெக்கெர்சி பண்ணை. தவறான மருந்து, ஒன்றரை மடங்கு அளவு.'

"இதை மாத்து" என்றேன்.

"ஏன், வெக்கமா இருக்கா?"

"மெக்கெர்சின்னு மொட்டையாப் போட்டா ஷோனான்னு நினைப்பாங்க. ஈவர்ட்னு முழுசா எழுதுடா, பெரிய எழுத்துல."