வெள்ளச்சியின் உறுமல்

என் மகன் சுஜித் பெங்களூரில் ஒரு நாய்க்குட்டி வாங்கினான். குன்னூரில் அதை நான் வளர்க்கிறேன். அவன் இருக்கும் அப்பார்ட்மென்டில் நாய்க்கு அனுமதி இல்லையாம். வாங்கிய பிறகுதான் விசாரித்தானாம். முப்பத்தொரு வயது, கம்பெனியில் பன்னிரண்டு பேருக்கு லீடர் வேறு.

குட்டியின் பெயர் ஆஸ்கர். லாப்ரடார், நான்கு மாதம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். வெள்ளச்சிக்கு ஒன்பது வயது. மார்க்கெட் படிக்கட்டில் மழையில் நனைந்து கிடந்தவளை நான்தான் முந்தானையில் சுற்றித் தூக்கி வந்தேன். ராமு அவள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டவன். சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அந்த விஷயத்தில் என் வீட்டுக்காரர் பாலசுப்பிரமணியத்துக்கும் அவனுக்கும் நல்ல பொருத்தம்.

ஆஸ்கர் வந்த அன்றைக்கே ராமுவின் காதைப் பிடித்துத் தொங்கினான். வெள்ளச்சியின் வாலை இழுத்தான், கழுத்தைக் கவ்வினான், தூங்குகிறவள் முதுகில் ஏறிக் குதித்தான். குட்டி என்றால் அப்படித்தான். வெள்ளச்சி முதலில் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். பின்னாலேயே வந்தான். பல்லைக் காட்டினாள். அவன் கண்டுகொள்ளவில்லை. அப்புறம்தான் உறுமினாள். கடிக்கவில்லை, உறுமினாள். இதற்கு மேல் வேண்டாம் என்று நாய் பாஷையில் அப்படித்தான் சொல்ல முடியும்.

சொல்ல விட்டால்தானே. சுஜித் ஹால் சுவரில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போயிருந்தான். பெங்களூரில் உட்கார்ந்து அதில் பார்ப்பான், அதன் வழியாகவே பேசவும் செய்வான். வெள்ளச்சி உறுமினால் போதும், சுவர் அலறும்.

"அப்பா, அவ ஆஸ்கரைக் கடிக்கப் போறா. சீக்கிரம் வாங்க."

இவர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடுவார். வெள்ளச்சியை இழுத்துப்போய்ப் பின்பக்கம் கட்டுவார். ஆஸ்கர் பயந்திருப்பானாம், அவனுக்கு ஒரு பிஸ்கட். ஒரே வாரத்தில் குட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது: கடித்தால் வெள்ளச்சி உறுமுவாள், உறுமினால் சுவர் அலறும், அலறினால் பிஸ்கட் வரும். சாயங்காலத்துக்குள் ஐந்து பிஸ்கட் தின்றுவிடுவான்.

"சின்னக் கொழந்தை மரகதம், உட்ரு" என்பார் இவர்.

இந்த வசனம் எனக்குப் பழசு. எட்டு வயதில் சுஜித் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டபோதும் இதையேதான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் நடுவில் வந்து நிற்பார், அவன் கையில் ஒரு சாக்லேட் இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதற்காகக் குஞ்சு கொத்தும்போதெல்லாமா ஊட்டிவிடுவார்கள்?

ஒரு திங்கட்கிழமை சுவர் தீர்ப்பு சொன்னது. நண்பனின் மாமனாருக்கு மலையிறக்கத்தில் பர்லியார் பக்கம் பழத்தோட்டம் இருக்கிறதாம். குரங்கு விரட்ட நாய் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து வெள்ளச்சியைக் கொண்டுபோய் விடுவானாம்.

"அவ ரொம்ப அக்ரஸிவ்மா. ஆஸ்கர் மனசு கெட்டுப்போயிரும்."

"ஒம்பது வருசம் குளிர்ல இருந்தவளை அந்த வெக்கையில மரத்துல கட்டிப் போடுவியா?"

"எமோஷனல் ஆகாதம்மா."

இவரைப் பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தேயிலைத் தோட்டத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பேய்க்காற்று. சில்வர் ஓக் மரம் ஒன்று கரண்ட் கம்பி மேல் சாய்ந்தது. இரண்டு நாளைக்குக் கரண்ட் இல்லை, சுவருக்கு வாயில்லை. இவர் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக் கம்பளிக்குள் போய்விட்டார். நான் போய் வெள்ளச்சியை அவிழ்த்துவிட்டேன்.

ஆஸ்கர் வழக்கம்போல அவள் கழுத்தைக் கவ்வினான். உறுமினாள். அவன் சுவரைப் பார்த்தான். சத்தமில்லை. என்னைப் பார்த்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மறுபடி கவ்வினான். வெள்ளச்சி அவனைக் கீழே தள்ளி, மேலே காலை வைத்து, மூஞ்சிக்கு நேராக இன்னொரு உறுமல் போட்டாள். ஒரு பல்கூடப் படவில்லை. வீல் என்று கத்திவிட்டு மல்லாந்து கிடந்தான். காலை எடுத்ததும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு அவளை மறுபடி விளையாடக் கூப்பிட்டான், இந்தத் தடவை மெதுவாக. கிழவியும் போனாள். ஹாலைச் சுற்றி அவள் ஓடிப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது! எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெங்காயத்தின் மேல் பழி போட்டேன். மறுநாள் ராமுவும் சேர்ந்து மூன்றும் ஒரே சாக்கில் படுத்திருந்தன.

வெள்ளிக்கிழமை கரண்ட் வந்தது.

"பாத்தியாம்மா, என் ட்ரெயினிங் வேலை செய்யுது" என்றது சுவர்.

"அப்ப வெள்ளச்சி இங்கயே இருக்கட்டும்."

"அதெப்படி? அவங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை புதுச் சங்கிலியோடு வந்தான். ஆஸ்கர் பாய்ந்து அவன் கையைக் கவ்வினான். மனிதக் கையைப் பற்றி அவனுக்கு யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. "நோ ஆஸ்கர், ஜென்டில், ஜென்டில்" என்று சுஜித் கெஞ்சினான். ரத்தம் துளிர்த்தது. இவர் பிஸ்கட் எடுக்க ஓடினார். மூலையில் படுத்திருந்த வெள்ளச்சி தலையைக்கூடத் தூக்கவில்லை. அடித்தொண்டையில் ஒரே ஒரு உறுமல். ஆஸ்கர் கையை விட்டுவிட்டு உட்கார்ந்தான்.

இதைப் பார்த்த பிறகாவது புத்தி வரும் என்று நினைத்துத் தோசை வைத்தேன். ஒரு வாய் தின்றவன், "இதென்ன சட்னி, இவ்வளவு காரம்" என்று தட்டைத் தள்ளினான். சட்னி மேசையெல்லாம் வழிந்தது. அப்படியே எழுந்து, சங்கிலியை எடுத்துக்கொண்டு வெள்ளச்சி பக்கம் போனான்.

"சுஜித்."

நான் கத்தவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"சங்கிலியைக் கீழ வை. மேசையைத் தொடை. தட்டைக் கழுவு. அவ இந்த ஊட்டை உட்டு எங்கயும் போகமாட்டா. புடிக்கலைன்னா உன் குட்டியை நீ கூட்டிட்டுப் போ."

அவன் அப்பாவைப் பார்த்தான்.

"சின்னக் கொழந்..." என்று இவர் ஆரம்பித்தார். இவர் பக்கம் திரும்பினேன். மீதியை விழுங்கிவிட்டு, கையிலிருந்த பிஸ்கட்டை ராமுவுக்குப் போட்டார்.

சுஜித் சங்கிலியைக் கீழே வைத்தான். துணி எடுத்து மேசையைத் துடைத்தான். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தட்டை நன்றாகத்தான் கழுவுகிறான். இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பே கழுவியிருப்பான், என்னை ஒரு தடவை உறும விட்டிருந்தால்.